பூனைக்குச் சேகண்டி அடித்த ராசம்மா

இலங்கை மலைநாட்டில், கந்தப்பளைக்கு மேலே மூங்கிலடித் தேயிலைத் தோட்டத்தில் போய் ராசம்மா யார் என்று கேட்டால் நாலு பேர் தலையைச் சொறிவார்கள். ஆயம்மா என்று கேட்டுப் பாருங்கள். நாய்கூட எழுந்து வந்து வழிகாட்டும். தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்கு ஏறும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவை எத்தனையோ காலமாக ஆண்டவள் அவள்தான். இன்றைக்கு மீசை முறுக்கிக்கொண்டு தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிற ஆம்பிளைகளில் பாதிப்பேர் அவள் மடியில் மூக்கு ஒழுகக் கிடந்தவர்கள்.

அவளுக்கு இருந்த ஒரே கர்வம் அவளுடைய சோறூட்டும் கை. அந்தக் கை நீண்டு, வாய் திறக்காத பிள்ளை அந்தத் தோட்டத்தில் பிறக்கவில்லை. ஒன்றுக்கு ஜன்னலில் காக்காய் காட்ட வேண்டும். ஒன்று, துரையின் மோட்டார் சைக்கிள் சத்தத்தை வாயால் போட்டால்தான் வாயைத் திறக்கும். இன்னொன்று பெரிய மனுஷன். தன் கையால் அவளுக்கு ஒரு வாய் ஊட்டிவிட்டுத்தான் தான் ஒரு வாய் வாங்கும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பாட்டு வைத்திருந்தாள். "இது காக்காவுக்கு, இது கங்காணிக்கு, இது கணக்கப்புள்ளைக்கு, இது பெரிய தொரைக்கு" என்று ஊர்ப்பட்ட பேருக்கெல்லாம் பங்கு வைப்பாள். கடைசியில் பார்த்தால் காக்காய் பங்கும் துரை பங்கும் பிள்ளை வயிற்றுக்குள் போயிருக்கும். தாய்மார் மத்தியானம் பால் கொடுக்க ஓடி வரும்போது, வயிறு பானை மாதிரி ஆகிப் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்கும்.

ஊருக்கெல்லாம் ஊட்டினவள் தான் எப்படிச் சாப்பிட்டாள் என்று கேட்டால், அது ஒரு கேவலம். பிள்ளைகள் மிச்சம் வைத்த தட்டுகளைக் கழுவப் போகிற வழியில், நின்றபடியே வழித்து வாயில் போட்டுக்கொள்வாள். அவ்வளவுதான் அவள் சாப்பாடு. சாயங்காலம் தாய்மார் வந்து ஆளுக்கொரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனதும் பிள்ளைக்காம்பராவைப் பூட்டிவிட்டு, கூலிக்காரர்களின் வரிசைவீடான லயத்தில் தன் கடைசிக் காம்பராவுக்குப் போய், கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுருண்டுவிடுவாள். புருஷன் அழகன் மலைக்காய்ச்சலில் போன பிறகு அந்தக் காம்பரா அடுப்பு, காலையில் ஒரு தேத்தண்ணிக்கு எரிவதோடு சரி. பிள்ளை குட்டி கிடையாது. பக்கத்துக் காம்பரா நாகலெட்சுமி கொழுந்துக்காரி. அவளும் ஆயம்மா கையில் சோறு தின்று வளர்ந்தவள்தான். "ராத்திரிக்கு ஒரு ரொட்டியாவது சுட்டுத் தின்னுங்க ஆயம்மா" என்று அவள் சண்டை பிடிப்பாள். "ஒத்தை ஆளுக்கு என்னாத்துக்கும்மா ஒலையும் அடுப்பும்?" என்று ராசம்மா கதவைச் சாத்திவிடுவாள்.

வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராக மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. மூங்கிலடித் துரையும், எல்லோரும் அம்மா என்று கூப்பிடுகிற அவர் பெண்டாட்டியும் தோட்டத்தை விட்டுச் சீமைக்கே போய்விட்டார்கள். நாற்காலி, மேசை எல்லாம் விலை போயின. விலை போகாமல் நின்றது அம்மாவின் பூனை ஒன்றுதான். பஞ்சுப்பொதி போல வெள்ளை. சாம்பல் நிற வால். பார்க்கிற பார்வையில் எதிரே நிற்கிறவனின் ஏழு தலைமுறையும் வேலைக்காரனாகிவிடும். புதிதாக வந்த துரையோ இரண்டு வேட்டை நாய்களோடு வந்தார். பங்களாவில் சமைக்கிற கோக்கி வீரய்யா, கொழுந்துக்கூடைக்குள் பூனையை வைத்துத் துணி மூடிக்கொண்டு ராசம்மா வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி, அங்கின இருந்தா நாய்ங்க பிச்சு எறிஞ்சிரும். நீ வச்சுக்க. ஊருப் புள்ளைங்களுக்கெல்லாம் ஊட்டுற, இது ஒரு பூனைதான?"

"இது என்னாண்ணே, பூனையா, தொரசாணியா?" என்றாள் ராசம்மா, அதன் முகத்தைப் பார்த்து. அன்றிலிருந்து அதற்குப் பெயர் துரைசாணி.

துரைசாணி காம்பராவைச் சுற்றிப் பார்த்தது. ஒரே அறை, ஒரு பாய், ஒரு பெட்டி. பிடிக்கவில்லை என்று தெளிவாகத் தெரிந்தது. ஆனாலும் அடுப்பு மூலையில் காலைச் சாம்பலின் கதகதப்பு மிச்சம் இருந்தது. அதற்குள் இறங்கிச் சுருண்டு படுத்துக்கொண்டது. ராசம்மா பிள்ளைக்காம்பராவிலிருந்து கொண்டுவந்த சோற்றைப் பருப்போடு பிசைந்து ஒரு தட்டில் வைத்தாள். துரைசாணி எழுந்து வந்து மோந்தது. தலையைத் தூக்கி ராசம்மாவைப் பார்த்தது. பிறகு பின்னங்காலை உதறிவிட்டுச் சாம்பலுக்கே திரும்பிப் போயிற்று.

"அடி ஆத்தி! காலை ஒதறிட்டுப் போறதப் பாரேன்!" என்றாள் ராசம்மா. கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. புதுப்பிள்ளை எல்லாம் முதல் நாள் முறுக்கிக்கொள்ளும், மறுநாள் வழிக்கு வரும் என்று அவளுக்குத் தெரியாதா?

மறுநாள் நெத்தலிக் கருவாட்டைச் சுட்டு உதிர்த்துப் போட்டாள். வாசத்துக்கு லயத்துப் பூனைகள் அத்தனையும் வாசலில் வந்து கத்தின. துரைசாணி கொட்டாவி விட்டது. மாசிச் சம்பல் வைத்தாள், தும்மியது. டின் மீன் வாங்கி வைத்தாள். தட்டைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு உட்கார்ந்துகொண்டது. பாலில் மட்டும் நாலு நக்கு நக்கும், உயிர் தரிக்க. காக்காய் காட்டினாள், மோட்டார் சைக்கிள் ஓட்டினாள், பாட்டுப் பாடினாள். கங்காணி பங்கும் கணக்கப்பிள்ளை பங்கும் தட்டிலேயே காய்ந்தன. அத்தனை பிள்ளைகளை மடக்கிய பாச்சா ஒரு பூனையிடம் பலிக்கவில்லை.

லயத்தில் இது வேடிக்கையாகிவிட்டது. பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடுகிற கங்காணிகூட, "என்ன, தொரசாணியம்மா நேத்து என்ன சாப்பிட்டாங்களாம்?" என்று விசாரித்தார். பீலியில் தண்ணீர் பிடிக்கிற பெண்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருத்தி திருஷ்டி என்று மிளகாய் சுற்றிப் போடச் சொன்னாள். ராசம்மா அதையும் செய்தாள். மிளகாய் நெடியில் அவள்தான் இருமினாள்.

வீரய்யா வந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினார். பஞ்சுப்பொதி தளர்ந்து, முதுகெலும்பு கையில் தட்டியது.

"இப்புடியே விட்டா செத்துரும் தங்கச்சி. வாயில்லா சீவன் பட்டினி கெடந்து சாவப்படாது. கந்தப்பளைக் கடை மொதலாளிக்கு ஒரு பூனை வேணுமாம், அவருகிட்ட மீனும் இறைச்சியுமா கெடக்கு. ஞாயித்துக்கெழமை வந்து தூக்கிட்டுப் போயிர்றேன்."

"ஆமாண்ணே, அதுதான் சரி" என்று ராசம்மா சொன்னாள். சொல்லிவிட்டு முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பூனை தின்னாவிட்டாலும், சாயங்காலம் அவள் வருகிற நேரத்துக்கு இஸ்தோப்புத் திண்ணையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அவள் பாதையின் வளைவில் தலை காட்டியதும் எழுந்து நின்று முதுகை வளைக்கும். அத்தனை பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தவளுக்கு, வீட்டு வாசலில் நின்று அவளை எதிர்பார்த்த முதல் ஜீவன் அது. பிள்ளைகள் எல்லாம் அவள் கையைவிட்டு அம்மா இடுப்புக்குத் தாவுகிறவைகள்தானே. வழியில் அவள் நடை வேகமாகியிருந்தது. இந்த வயதில் வீட்டுக்கு ஓடுகிறோமே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. அதை இழக்க அவளுக்கு மனசில்லை. போகட்டும் என்று விடவும் முடியவில்லை, பட்டினி போட்டு வைத்திருக்கவும் முடியவில்லை.

"அண்ணே, பங்களாவுல இது என்னதான் தின்னுச்சு?" என்று கேட்டாள்.

வீரய்யாவுக்குப் பங்களாப் பேச்சென்றால் வெல்லம். "என்ன தின்னுச்சுங்கறத விடு. அது இருந்த இருப்பு! ராச்சாப்பாட்டுக்கு நான் இஸ்தோப்புல தொங்குற வெங்கலத் தட்டுல மணி அடிப்பேன். டங்குன்னு ஒரு அடி, பங்களா முச்சூடும் கேக்கும். அம்மா வந்து மேசையில உக்காரும். எதுத்த நாக்காலியில இது ஏறி உக்காரும். மணி அடிக்காம அந்த வீட்டுல ஒரு சீவன் வாயில ஒண்ணு வைக்காது, பாத்துக்க" என்று நீட்டி முழக்கினார்.

மற்றதெல்லாம் அவள் காதில் விழவேயில்லை. மணி! வெண்கல மணி! இதுதான் சூட்சுமம் என்று அவளுக்குப் பொறி தட்டிவிட்டது.

அன்றே தகரக்குவளையைத் தட்டினாள். துரைசாணி கண்ணைக்கூடத் திறக்கவில்லை. பித்தளைத் தட்டைத் தட்டினாள், ஒரு காது மட்டும் ஆடியது. வெண்கலம்தான் வேண்டும். பங்களா மணிக்குக் கிட்டேபோய்ப் புது நாய்களிடம் கடிபட முடியாது. தோட்டத்தில் அதே மாதிரி வட்டமான, தொங்கவிட்டு அடிக்கிற வெண்கலத் தட்டு இன்னும் ஒன்றே ஒன்று இருந்தது. அது கோயில் பூசாரி சின்னத்தம்பி வீட்டில் ஆணியில் தொங்குகிற சேகண்டி.

சேகண்டி எதற்கு அடிப்பார்கள் என்று ராசம்மாவுக்குத் தெரியாமல் இல்லை. லயத்தில் யாராவது கண்ணை மூடினால், சங்கும் சேகண்டியும் கேட்டுத்தான் மற்ற லயங்களுக்குச் சேதி போகும். வேறு எதற்கும் அதை யாரும் தொடுவதில்லை. ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு, மெதுவாக, ஒரே ஒரு தட்டுத் தட்டினால் யாருக்குக் கேட்கப்போகிறது? பூசாரி இல்லாத நேரம் பார்த்து அவர் பெண்டாட்டியிடம் போய், "களிம்பேறிக் கெடக்கே, புளி போட்டு வெளக்கித் தர்றேன்" என்று வாங்கி, முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வந்துவிட்டாள். உண்மையிலேயே விளக்கவும் செய்தாள். பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

சனிக்கிழமை பொழுது சாய்ந்தது. கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் பீலியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். பனி மூட்டம் மலையிலிருந்து இறங்கி லயத்துக் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. ராசம்மா கதவைச் சாத்தினாள். ஈரலை வேகவைத்துத் தட்டில் வைத்தாயிற்று. பிள்ளைக்காம்பரா அடுப்பில் வெந்த ஈரல். சேகண்டியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, கட்டையால் ஒரு தட்டு. மெத்தென்று.

துரைசாணி தலையைத் தூக்கியது.

இன்னொரு தட்டு. எழுந்தது. சாம்பலை உதறியது. அடுப்பை விட்டு இறங்கி, தட்டை நோக்கி ராணி மாதிரி நடந்து வந்தது.

"வாடி என் தங்கம்!" ராசம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. சந்தோஷத்தில் கை தானாக ஓங்கியது. டங்! டங்! டங்! என்று போட்டாள் பாருங்கள், புளி போட்டு விளக்கின சேகண்டியாயிற்றே, சத்தம் மூன்று லயம் தாண்டி மலையில் போய் முட்டித் திரும்பியது.

பீலியில் குடம் ஒன்று உருண்டது. யாரு, யாரு என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். சத்தம் கடைசிக் காம்பராவிலிருந்து வருகிறது. அங்கே இருப்பது ஒரே ஆள். தனியாக இருக்கிறவள் செத்தால் சேகண்டியை யார் அடிப்பார் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. இழவுச் சத்தம் கேட்ட பிறகு யார்தான் யோசிக்கிறார்கள்?

"ஐயோ, ஆயம்மா!" என்று நாகலெட்சுமி தலையிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். இடுப்பில் கட்டின படங்குச் சாக்கை அவிழ்க்காத பெண்கள், தேத்தண்ணிக் கோப்பையோடு ஆம்பிளைகள், மேல் லயம், கீழ் லயம், எல்லாம் சேர்ந்து வாசலில் குவிந்தது. நாகலெட்சுமி இஸ்தோப்பில் விழுந்து புரண்டு ராகம் போட்டு அழுதாள்.

"எனக்கு மொத வாய்ச் சோறு ஊட்டுன கையி சாஞ்சு போச்சே! என் அஞ்சு புள்ளைக்கும் ஊட்டுன கையி சாஞ்சு போச்சே! ஊருக்கெல்லாம் ஆக்கிப் போட்ட மகராசி, நீ ஒரு நாளு குந்தித் தின்னு நான் பாக்கலையே!"

உள்ளே ராசம்மாவுக்கு அழுகை கேட்டது. பாவம், யாரோ போய்விட்டார்கள். நாம் பூனைக்கு மணி அடித்துக்கொண்டு இருக்கிறோமே என்று சேகண்டியை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு பதறியடித்துக் கதவைத் திறந்தாள்.

"ஏண்டி நாகலெட்சுமி, யாரு போயிட்டாங்க?"

நாகலெட்சுமி ஏறிட்டுப் பார்த்தாள். வாய் பிளந்தது பிளந்தபடியே நின்றது. பின்னால் நின்ற ஒரு மீசைக்காரன் "பேய்!" என்று கத்திக்கொண்டு ஓடிப் பீலித் தண்ணீருக்குள் விழுந்தான். இவன்தான் மோட்டார் சைக்கிள் சத்தம் போட்டால் வாய் திறந்த பிள்ளை. பூசாரி சின்னத்தம்பி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "என் சேகண்டிய எவன்டா அடிக்கிறது?" என்று கேட்டவர், ராசம்மா கையையும் அவளுக்குப் பின்னால் தட்டு முன்னால் உட்கார்ந்திருந்த வெள்ளைப் பூனையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அது... பங்களாவுல மணி அடிச்சாத்தான் சாப்புடுமாம்" என்றாள் ராசம்மா. குரல் பூனைக்குரலாகத்தான் வந்தது.

லயமே வெடித்துச் சிரித்தது. ஆம்பிளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். நாகலெட்சுமி மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து ராசம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "எனக்கு உசுரே போச்சு தெரியுமா? ஒங்களுக்குப் புத்தி இருக்கா?" என்று திட்டினாள், கட்டிப் பிடித்துக்கொண்டாள், மறுபடி திட்டினாள். ராசம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. கடைசிக் காம்பராவில் ஒருநாள் கண்ணை மூடினால் காலையில்தான் யாராவது பார்ப்பார்கள் என்று அவள் நினைத்துவைத்திருந்தாள். இதோ, ஒரு சேகண்டி அடிக்கு இத்தனை பேர்.

பூசாரி தொண்டையைச் செருமினார். "சிரிச்சது போதும். தெரிஞ்சோ தெரியாமலோ சேகண்டி அடிச்சாச்சு. அடிச்ச வீட்டுல இன்னிக்கு அடுப்பு எரியப்படாது. பக்கத்து வீடுகள்ல இருந்துதான் சோறு வரணும். மொறைன்னா மொறைதான்."

"அடுப்பு எரியப்படாதா?" நாகலெட்சுமி காம்பராவுக்குள் எட்டிப் பார்த்தாள். அடுப்புச் சாம்பலில் பூனை படுத்திருந்த பள்ளம், அச்சு வார்த்த மாதிரி வட்டமாக இருந்தது. "இங்க என்னைக்குப் பூசாரி எரிஞ்சுச்சு? பூனை கட்டில் போட்டுப் படுத்திருக்கு, பாருங்க!"

ராசம்மா, "எனக்குப் பசியில்லம்மா" என்று ஆரம்பித்தாள். இழவு வீட்டுச் சோற்றை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? ஒருத்தி ரொட்டி கொண்டுவந்தாள், ஒருத்தி பருப்பு, ஒருத்தி கருவாட்டுக் குழம்பு, ஒருத்தி சோறு. பித்தளைத் தட்டு நிறைந்து வழிந்தது. நாகலெட்சுமி அவளைப் பாயில் அழுத்தி உட்காரவைத்தாள். அழகன் போன பிறகு அவள் அந்தக் காம்பராவில் தட்டு முன்னால் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். கை சோற்றில் படவே கூச்சப்பட்டது.

"வாயைத் தொறங்க" என்றாள் நாகலெட்சுமி, ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தொட்டு. "இது காக்காவுக்கு."

வாசலில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். ராசம்மா வெட்கத்தோடு வாயைத் திறந்தாள். மென்றாள்.

சப், சப் என்று ஒரு சத்தம் கேட்டது.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். துரைசாணி தட்டில் குனிந்திருந்தது. ஈரலில் ஒரு துண்டை எடுத்து, அவசரமில்லாமல், பல்லில் மாற்றி மாற்றிப் போட்டு மென்றுகொண்டிருந்தது.

"ஐயய்யோ, தின்னுது!" என்று ராசம்மா எழுந்திருக்கப் போனாள். துரைசாணி நிறுத்திவிட்டது. தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது.

"உக்காருங்க! அசையாதீங்க!" என்று நாகலெட்சுமி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "இது கங்காணிக்கு."

ராசம்மா வாங்கிக்கொண்டாள். பூனையும் குனிந்தது. இவள் மென்றால் அது மென்றது. இவள் பேச நிறுத்தினால் அதுவும் நிறுத்திக் காத்திருந்தது. அப்போதுதான் ராசம்மாவுக்கு வீரய்யா சொன்ன மிச்சப் பேச்செல்லாம் மெல்லக் காதுக்குள் வந்தது. அம்மா வந்து உட்காரும், எதிர் நாற்காலியில் இது உட்காரும். மணியா முக்கியம்? இத்தனை நாளும் ஈரலையும் மீனையும் வைத்துவிட்டு, தின்னு தின்னு என்று தலைமாட்டில் நின்றிருக்கிறாள். தனியாகச் சாப்பிட அந்தப் பூனைக்குத் தெரியாது. மோட்டார் சைக்கிள் முதல் காக்காய்வரை அவள் காட்டாத வேடிக்கை இல்லை. உட்கார்ந்து ஒரு வாய் தின்றுமட்டும் காட்டவில்லை. கணக்கப்பிள்ளை பங்கும் பெரிய துரை பங்கும் அன்று அவள் வயிற்றுக்குள்தான் போயின. தட்டு இரண்டும் காலியாகும்வரை ஒருத்தரும் வாசலை விட்டு நகரவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் வீரய்யா கொழுந்துக்கூடையோடும் மூடுகிற துணியோடும் வந்தார். லயத்துக் கடைசிக் கூரையில் புகை வருவதைப் பார்த்துத் தீப்பிடித்துவிட்டதோ என்று ஓடிவந்தார். உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதன்மேல் சோற்றுப்பானை. படுக்கை பறிபோன துரைசாணி பாயின் ஒரு பக்கம் உட்கார்ந்து சுட்ட நெத்தலியைத் தின்றுகொண்டிருந்தது. எதிரே ராசம்மா, காலை மடக்கிச் சம்மணம் போட்டு, சுடுசோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"தங்கச்சி, நான் பூனைய..." என்று வீரய்யா வாசலிலேயே நின்றார்.

ராசம்மா எழுந்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்த ஆளுக்கு எழுந்து மரியாதை செய்யாமல் அவள் இருந்தது அதுதான் முதல் தடவை.

"வாங்கண்ணே, நீங்களும் குந்துங்க. கூடைய அந்தாண்ட வைங்க" என்றாள், வாயில் சோற்றோடு. "கோவிச்சுக்காதீங்க, நான் எந்திரிச்சா அதுவும் எந்திரிச்சிரும். ரெண்டு பேரும் இன்னும் சாப்பிட்டு முடியல."